முகத்தை விடுங்கள், துணியைப் பாருங்கள்: ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் பெண்களும் அவர்கள் கிமோனோவும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மேசைக்கு எதிரே உள்ள சுவரில் கிதகாவா உதமாரோ வரைந்த ஒரு படத்தின் மறுபதிப்பு தொங்குகிறது. ஓர் இளம்பெண், வாயில் சின்னக் கண்ணாடி ஊதுகுழல், உடம்பு முழுக்க சிவப்புக் கட்டம் போட்ட கிமோனோ. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் "அவ என்னத்த ஊதுறா?" என்று கேட்பார்கள். அது 'பொப்பென்' என்ற விளையாட்டுப் பொருள், ஊதினால் மெல்லிய அடிக்கண்ணாடி உள்ளும் வெளியுமாக அசைந்து 'டொப்' என்று சத்தம் வரும். அந்தக் கேள்வி தீர்ந்ததும் பேச்சு எப்படியும் துணிக்குப் போய்விடும், அதற்கப்புறம் கேள்விகள் நிற்பதே இல்லை. பல வருடமாக ஒரே கேள்விகளுக்கு ஒரே பதிலைச் சொல்லி அலுத்துப்போய் எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில், இவை என்ன படங்கள்?

உகியோ-எ. எடோ காலத்தில் (1603–1868), இன்றைக்கு தோக்கியோ என்று சொல்லும் எடோ நகரத்தில் சாதாரண மக்கள் வாங்கிய அச்சுப் படங்கள். அதில் பெண்களைக் காட்டும் வகைக்கு 'பிஜின்-கா' என்று பெயர், அழகிகளின் படம் என்று அர்த்தம். விலை ஏறக்குறைய ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் விலைதான், கொஞ்சம் கூட இருக்கலாம். இன்றைக்கு அருங்காட்சியகத்தில் மங்கலான வெளிச்சத்தில் கைகட்டி நின்று பார்க்கிறோமே, அது அன்றைக்குத் தெருக்கடையில் தொங்கிய சரக்கு.

எல்லாப் பெண்களுக்கும் ஒரே முகமாக இருக்கிறதே?

ஆமாம், பெரும்பாலும் ஒரே முகம்தான். நீள முகம், கோடாகக் கண், கொக்கி மாதிரி மூக்கு, பொட்டு வாய். ஒவ்வொரு ஓவியருக்கும் ஒரு முகம் உண்டு, அதையே எல்லோருக்கும் மாட்டிவிடுவார். அப்படியென்றால் யார் யார் என்று எப்படித் தெரியும்? துணியை வைத்துத்தான்.

உதமாரோ 1793 வாக்கில் வெளியிட்ட 'இன்றைய மூன்று அழகிகள்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பெண்களும் எடோவில் எல்லோருக்கும் தெரிந்தவர்கள்: பாட்டுக்காரி தோயோஹினா, நானிவாயா தேநீர்க் கடையின் ஓகிதா, தகாஷிமாயாவின் ஓஹிசா. கூர்ந்து பார்த்தால் மூக்கிலும் கண்ணிலும் மயிரிழை வித்தியாசம் உண்டு, உதமாரோ அதில் கெட்டிக்காரர். ஆனால் அன்றைக்கு வாங்கியவர் முதலில் பார்த்தது உடையில் இருக்கும் சின்னத்தை. ஓகிதாவுக்கு பௌலோனியா இலைச் சின்னம், ஓஹிசாவுக்கு மூன்று ஓக் இலை, தோயோஹினாவுக்கு அவள் பாட்டு மரபின் ப்ரிம்ரோஸ் பூ. நம் ஊரில் கட்சிக் கரை வேட்டியைப் பார்த்து ஆளை எடைபோடுகிறோம் இல்லையா, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

கிமோனோ என்றுதான் அவர்களும் சொன்னார்களா?

'கிமோனோ' என்றால் உடுத்தும் பொருள், அவ்வளவுதான். எடோ காலத்தில் இந்த உடையின் பெயர் 'கொசோதே'. இடுப்பில் கட்டும் அகலப் பட்டை 'ஒபி'. மேலே திறந்தபடி போடும், ஓரத்தில் பஞ்சு வைத்த பெரிய அங்கி 'உச்சிகாகே'. இந்த மூன்று பெயர் தெரிந்தால் போதும்.

நிறம் எப்போது வந்தது?

ஆரம்பத்தில் வெறும் கருப்பு மை. பிறகு கையால் ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் தடவினார்கள், 1740களில் இரண்டு மூன்று நிறம் கட்டையிலேயே அச்சாக ஆரம்பித்தது. 1765-இல்தான் முழுவண்ணம். அதற்குக் காரணம் ஒரு நாட்காட்டி மோகம் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த கதை.

அந்தக் காலத்து ஜப்பானியச் சந்திர நாட்காட்டியில் சில மாதத்துக்கு 30 நாள், சில மாதத்துக்கு 29. எது பெரியது எது சின்னது என்பது வருடா வருடம் மாறும். நாட்காட்டி அச்சிடும் உரிமை சிலருக்கு மட்டும். ஆகவே வசதியுள்ள ரசிகர்கள் கூடி, மாத எண்களைப் படத்துக்குள் ஒளித்துவைத்து நண்பர்களுக்குப் புத்தாண்டுப் பரிசாகக் கொடுத்தார்கள். யாருடைய படம் உசத்தி என்று போட்டி, பணம் பற்றிக் கவலையில்லை, அதனால் ஒரே தாளில் பல நிறம் ஏற்றிப் பார்க்க முடிந்தது.

அப்படி சுசூகி ஹருனோபு வரைந்த ஒன்று: திடீர் மழை, மூங்கிலில் காயப்போட்ட கிமோனோவை எடுக்க ஒரு பெண் ஓடுகிறாள், ஓடும் அவசரத்தில் ஒரு மரச்செருப்பு கழன்றுவிடுகிறது. மூங்கிலில் தொங்கும் துணியின் அலங்காரத்தை உற்றுப் பாருங்கள். பூவா கோடா என்று தெரியாமல் இருப்பவை எழுத்துகள்: அந்த வருடப் பெயர் மேய்வா 2 (அதாவது 1765), கூடவே பெரிய மாதங்களின் எண்கள். நாட்காட்டியே துணியில் இருக்கிறது! வருடம் முடிந்தால் அதற்கு மதிப்பில்லை, ஆகவே இப்படிப்பட்ட கட்டைகள் பலவற்றில் எண்களை நீக்கிவிட்டுச் சாதாரணப் படமாகக் கடையில் விற்றார்கள். அதுதான் 'நிஷிகி-எ', ஜரிகைப்பட்டுப் படம். பெயரிலேயே துணி இருக்கிறது.

நிறத்தை முடிவு செய்தது ஓவியரா?

பாதிதான். பதிப்பாளர் காசு போடுவார், ஓவியர் கோட்டோவியம் தருவார், செதுக்குபவர் செர்ரி மரக் கட்டையில் அதை வெட்டுவார். அந்த முதல் கட்டையிலிருந்து எடுத்த கருப்புப் பிரதிகளில் ஓவியர், நிறத்துக்கு ஒரு தாளாக, எங்கெங்கே அந்த நிறம் வர வேண்டும் என்று குறித்துக் கொடுப்பார். அப்புறம் நிறத்துக்கு ஒரு கட்டை. கட்டையின் மூலையிலும் விளிம்பிலும் 'கெந்தோ' என்ற வெட்டுக் குறி இருக்கும், தாளை அதில் சரியாகப் பொருத்தினால்தான் நிறம் கோட்டைத் தாண்டாமல் விழும். கிமோனோவில் ஐந்து நிறப் பூ என்றால் அதே தாள் ஐந்து தடவை அச்சேற வேண்டும்.

படம் நன்றாக விற்றுத் திரும்பத் திரும்ப அச்சிடும்போது, அன்றைக்குக் கையில் இருந்த சாயம், செலவு, அச்சடிப்பவரின் பொறுமை எல்லாம் உள்ளே வந்துவிடும். அதனால் ஒரே படத்தின் இரண்டு பிரதியில் இரண்டு நிறக் கிமோனோ இருந்தால் ஒன்று போலி என்று முடிவுகட்டாதீர்கள்.

இந்த மங்கலான பழுப்பும் சாம்பலும்தான் ஜப்பானிய ரசனையா?

இல்லை, அது வெளுத்துப்போன நிறம்! இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். 'ஆஹா, என்ன அடக்கமான வண்ணம்' என்று நாம் உருகுவதில் பாதி, சாயம் போன துணியைப் பார்த்து உருகுவதுதான்.

அந்தக் காலத்து நீலங்களில் ஒன்று 'த்சுயுகுசா' என்ற பூவிலிருந்து எடுத்தது. ஈரம் பட்டாலும் போகும், வெயில் பட்டாலும் போகும், போனபின் மங்கிய மஞ்சளாகத் தங்கும். இளஞ்சிவப்பு 'பெனி', நாம் எண்ணெய்க்கு வளர்க்கும் குசும்பாப் பூவிலிருந்து எடுத்தது, அதுவும் வெளிச்சத்துக்கு ஆகாது. ஊதா வேண்டுமென்றால் இந்த இரண்டையும் கலப்பார்கள், அப்புறம் கேட்க வேண்டுமா? கண்ணைப் பறித்த ஊதாக் கிமோனோ இன்றைக்குப் பழுப்பாக நிற்கிறது. ஈயச் செந்தூரத்தில் போட்ட ஆரஞ்சு வெளுப்பதில்லை, கறுத்துவிடுகிறது.

உண்மையான நிறம் பார்க்க ஒரு வழி உண்டு. ஸ்பால்டிங் சகோதரர்கள் தங்கள் சேகரிப்பான சுமார் 6,500 படங்களை 1921-இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள், ஆனால் எந்தக் காலத்திலும் சுவரில் மாட்டக்கூடாது என்ற நிபந்தனையோடு. அன்றைக்கு இது கிறுக்குத்தனமாகத் தோன்றியிருக்கும். வெளிச்சமே படாத அந்தப் படங்களை இப்போது அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பாருங்கள், ஊதா ஊதாவாக இருக்கிறது. நான் முதல் முறை பார்த்தபோது யாரோ கணினியில் நிறத்தை ஏற்றிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

சில படங்களில் சிவப்பே இல்லையே, அதுவும் வெளுத்ததா?

எல்லாமே இல்லை. 1780களின் பிற்பகுதியில் சிவப்பை வேண்டுமென்றே ஒதுக்கி, சாம்பல், ஊதா, மஞ்சள், பச்சை மட்டும் வைத்து அச்சிடும் ஒரு பாணி வந்தது. 'பெனிகிராய்' என்பார்கள், சிவப்பை வெறுப்பது என்று பொருள். குபோ ஷுன்மான் இதில் பேர்போனவர். அரசு சிக்கனம் பேசிய காலமும் அதுதான்.

திடீரென்று எல்லாமே நீலமாக இருக்கும் படங்கள்?

1829 வாக்கில் 'பெரோ-ஆய்' பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. பெர்லினில் கண்டுபிடிக்கப்பட்ட செயற்கை நீலம், 'பெரோ' என்பது அந்த ஊர்ப் பெயரின் திரிபுதான். வெளுக்காது, ஆழமாக இருக்கும். கெய்சாய் எய்சென் கணிகைகளைத் தலைமுதல் கால்வரை நீலத்திலேயே அச்சிட்டு, உதட்டில் மட்டும் சிவப்பு வைத்தார். அவருடைய வேறு படங்களில் கீழுதடு பச்சையாக இருக்கும், அச்சுப் பிழை இல்லை. பெனிச் சாயத்தை அடுக்கடுக்காகப் பூசினால் பச்சையாக மினுங்கும், விலை அதிகமுள்ள அலங்காரம் அது.

பணக்கார வீட்டுப் பெண்கூட ஏன் பழுப்புக் கோடு போட்ட சாதாரணத் துணியில் இருக்கிறாள்?

சட்டம் ஒரு காரணம். நகரத்து வணிகர்கள் கையில் காசு சேரச் சேர, அவர்கள் வீட்டுப் பெண்கள் பிரபுக்கள்போல உடுத்தினார்கள், அரசுக்குப் பொறுக்கவில்லை. 1683-இல் பொன்னிழை, பூத்தையல், உடம்பு முழுக்க 'கானோகோ' என்று மூன்றுக்கும் பெண்கள் உடையில் தடை. கானோகோ என்றால் சுங்குடி மாதிரி, துணியைச் சிறுசிறு முடிச்சாகக் கட்டிச் சாயத்தில் போடுவது. இப்படிப்பட்ட உத்தரவுகள் அப்புறமும் வந்துகொண்டே இருந்தன. திரும்பத் திரும்ப உத்தரவு போட்டார்கள் என்றாலே யாரும் ஒழுங்காகக் கேட்கவில்லை என்றுதானே அர்த்தம்.

மக்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். வெளியே பழுப்பு, சாம்பல், கருநீலம், அதிலேயே நூறு நுணுக்கம். 'நாற்பத்தெட்டுப் பழுப்பு, நூறு சாம்பல்' என்று ஒரு சொலவடையே உண்டு. பகட்டு எல்லாம் உள்ளே போய்விட்டது: உள்துணி பட்டு, உள்ளங்கி செக்கச் சிவப்பு. பெண் நடக்கும்போது கணுக்காலருகே ஒரு கீற்று, கழுத்துப் பட்டியில் ஒரு கீற்று. படங்களில் அச்சடிப்பவர் ஒரு தனிக் கட்டையைச் செலவழித்து அந்தக் கீற்றுச் சிவப்பை வைத்திருக்கிறார் என்றால் அதன் மதிப்பு எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ரசனைக்குத்தான் 'இகி' என்று பெயர்.

கோடு போட்ட துணிக்கும் சென்னைக்கும் சம்பந்தம் உண்டாமே?

உண்டு, கதை விடவில்லை. ஜப்பானிய மொழியில் கோட்டுக்கு 'ஷிமா'. தீவுக்கும் ஷிமாதான். கடல் கடந்து, தீவுகள் வழியாக வந்த துணி என்பதால் அந்தப் பெயர் என்று பொதுவாகச் சொல்வார்கள். அப்படி வந்த கோட்டுத் துணிகளில் ஒன்று 'சந்தோமே'. ஆமாம், நம்ம மயிலாப்பூர் சாந்தோம்தான். போர்த்துகீசியர் சான் தோமே என்று அழைத்த ஊர். சோழமண்டலக் கரையில் நெய்த மெல்லிய பருத்தி, முதலில் போர்த்துகீசியக் கப்பல்களிலும் பிறகு டச்சுக் கம்பெனி வழியாக நாகசாகிக்கும் போயிற்று. அதுவே சுருங்கி 'தோசான்' ஆனது: கருநீலத்தில் சன்னமான சிவப்பு, வெளிர்நீலக் கோடுகள். எடோவின் ஒயிலான ஆண்களும் பெண்களும் அதற்குப் பைத்தியமாக இருந்தார்கள். அதே கரையிலிருந்து போன அச்சுப் பருத்திக்கு ஜப்பானில் 'சராசா' என்று பெயர், புகையிலைப் பை, ஒபி என்று சின்னத் துண்டைக்கூட வீணாக்கமாட்டார்கள். நெய்தவனுக்கு இந்த எடோப் பெண்களைப் பற்றி ஒன்றுமே தெரிந்திருக்காது.

என் சுவர்ப் படத்தில் இருக்கும் கட்டத்துக்குப் பெயர் உண்டா?

'இச்சிமாத்சு'. மாறி மாறி நிறம் வரும் சதுரங்கக் கட்டம். முன்பு இதற்குக் கல்பாவிய தரை என்று பெயர். 1741-இல் சானோகாவா இச்சிமாத்சு என்ற கபுகி நடிகர் மேடையில் இந்தக் கட்டம் போட்ட கீழாடையில் தோன்றினார், ஊர்ப் பெண்களெல்லாம் அதையே கேட்டார்கள், பெயர் மாறிப்போயிற்று. தோக்கியோ 2020 ஒலிம்பிக் சின்னம் ஞாபகம் இருக்கிறதா? அதே இச்சிமாத்சுதான். உதமாரோவின் பொப்பென் பெண்ணுக்கு அந்தக் கட்டத்தின் மேல் செர்ரிப் பூவும் தூவியிருக்கும்.

நடிகர் பெயரில் துணி ஓடியது இது ஒன்றில் மட்டுமில்லை. செகாவா கிகுனோஜோ என்ற பெயரில் இரண்டாமவர், பெண்வேடக்காரர். அவருடைய இன்னொரு பெயர் ரோகோ, அவர் உடுத்திய பச்சை கலந்த பழுப்பு 'ரோகோ-சா' என்றே விற்றது. விடுகதை வடிவங்களும் உண்டு: ஓர் அரிவாள், ஒரு வளையம், 'நு' என்ற எழுத்து. அரிவாள் 'காமா', வளையம் 'வா', சேர்த்துப் படித்தால் 'காமாவானு', 'அதனால என்ன, பரவாயில்லை' என்று அர்த்தம்.

கல்யாணமானவளா, கணிகையா, எப்படித் தெரிந்துகொள்வது?

கை நீளமாகத் தொங்கினால் 'ஃபுரிசோதே', கல்யாணமாகாத பெண். கல்யாணமானால் கைத்தொங்கல் குறையும், புருவத்தை மழித்துப் பல்லைக் கருப்பாக்கிக்கொள்வாள். உயர்மட்டக் கணிகைக்கு ஒபி முன்பக்கம், பெரிய முடிச்சாக. தலை நிறைய ஊசிகள். பக்கத்தில் ஒரே மாதிரி உடுத்திய இரண்டு சிறுமிகள். கெய்ஷா, அதாவது ஆடிப்பாடி விருந்தினரை மகிழ்விப்பவள் என்றால் ஒபி பின்பக்கம், உடையும் அடக்கம். ஆனால் ஒபி முன்னால் இருந்தாலே கணிகை என்று முடிவுகட்டவேண்டாம். பழைய படங்களில் குடும்பப் பெண்களும் அப்படிக் கட்டியிருக்கிறார்கள்.

பூக்களைப் பார்த்துப் பருவம் சொல்லலாமா?

பெரும்பாலும். ப்ளம் என்றால் குளிர் முடியும் நேரம், செர்ரி வசந்தம், ஐரிஸ் கோடைத் தொடக்கம், மேப்பிளும் சாமந்தியும் இலையுதிர்காலம். ஆனால் கொளுத்தும் கோடையில் பனி படிந்த கிளை போட்டுக்கொள்வதும் உண்டு, பார்க்கிறவருக்குக் குளிரட்டும் என்று.

வெள்ளைக் கிமோனோவை வரையாமல் விட்டுவிட்டார்களா?

அசல் பிரதியைச் சாய்த்துப் பாருங்கள். மை தடவாத கட்டையில் ஈரத் தாளை வைத்து முழங்கையால் அழுத்தினால் தாளில் புடைப்பாக வடிவம் எழும். 'கராசூரி' என்று பெயர். நேராகப் பார்த்தால் வெள்ளை, பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் நெய்த பூவேலை. 19ஆம் நூற்றாண்டு ஓவியர் குனிசாதாவின் காலத்துப் படங்களில் கருப்பு ஒபி இதே மாதிரி ஏமாற்றும்: அச்சான தாளின் முன்பக்கத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, கருப்புக்குள் கருப்பாகக் கட்டம் கொண்டுவருவார்கள். அலைபேசித் திரையில் இது எதுவுமே தெரியாது, அதுதான் வருத்தம்.

உதமாரோவுக்கு மெல்லிய துணி என்றால் ஆசை. ஒரு பெண் சல்லடை மாதிரித் துணியைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள், அதன் வழியாக அவள் முகம் தெரியும். வேறொரு தொடரில் கிமோனோவுக்குக் கருப்பு எல்லைக்கோடே போடாமல் நிறத்தை மட்டும் வைத்து உருவத்தை நிறுத்தியிருக்கிறார்.

துணி மடிந்தாலும் டிசைன் மடியவில்லையே, வரையத் தெரியாதா?

நன்றாகத் தெரியும். சின்னப் புள்ளி, கட்டம் போன்றவை பல படங்களில் மடிப்பைக் கண்டுகொள்ளாமல் தட்டையாக ஓடும், பக்கத்திலேயே கோட்டுத் துணி ஒழுங்காக வளைந்திருக்கும். வாங்குகிறவர் டிசைனைத் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்பதற்கே இதில் முதலிடம் என்பது என் எண்ணம்.

அப்படியானால் இது துணிக்கடை விளம்பரமா?

சில நேரம் பச்சையாகவே விளம்பரம். இசோடா கோர்யூசாய் 1770களின் நடுவில் தொடங்கி, கணிகைகள் புது டிசைனில் நிற்கும் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை ஒரே தொடராக வெளியிட்டார், தொடரின் பெயரிலேயே 'மாதிரி வடிவம்' என்று இருக்கும். உதமாரோ கடைசிக் காலத்தில் கோடை உடையில் பெண்களை வரைந்து எச்சிகோயா, டைமாரு என்று கடைப் பெயரையும் சேர்த்தார். எச்சிகோயாதான் இன்றைய மித்சுகோஷி என்ற பெரிய கடை. அதற்கும் முன்னால், உகியோ-எ-வின் தொடக்கக் கர்த்தா ஹிஷிகாவா மொரோனோபுவே துணியில் பூத்தையலும் பொன்தகடும் வைக்கும் குடும்பத்தில் பிறந்தவர். இந்தக் கலை துணிக்கடைக்குள் பிறந்தது என்றே சொல்வேன்.

அரசு இந்தப் படங்களைத் தடை செய்யவில்லையா?

பல முறை. 1793-இல் கணிகைகள் தவிர மற்றப் பெண்களின் பெயரைப் படத்தில் போடக்கூடாது என்றார்கள். உதமாரோ பெயரைச் சித்திர விடுகதையாக மூலையில் வைத்தார், 1796-இல் அதற்கும் தடை. 1842-இல் கணிகை, கெய்ஷா, நடிகர் படமே கூடாது என்று வந்தது. பதிப்பாளர்களும் சளைக்கவில்லை. உதகாவா குனியோஷி 1844 வாக்கில் செய்ததைப் பாருங்கள்: பத்துப் படம், பத்திலும் சாதாரணப் பெண்கள், எல்லோர் உடையிலும் இரண்டு நிறப் பெரிய கட்டம். அந்தக் கட்டத்தின் பெயர் 'பென்கேய்', பழங்கதைகளில் வரும் மாவீரத் துறவியின் பெயர். ஒவ்வொரு பெண்ணும் தன் வீட்டு வேலையில் பென்கேய்யின் ஒரு வீரச்செயலை நினைவூட்டுவாள், பக்கத்தில் ஒரு கவிதை. வீரபுருஷன் படம் என்று சொல்லிக்கொண்டு அழகான பெண்ணையும் விற்றாயிற்று, துணியின் பெயரை வைத்தே.

வான்கோ வரைந்த ஜப்பானியப் பெண்?

எய்சென்னின் கணிகைதான், டிராகன் புரளும் உச்சிகாகேயோடு. பாரிஸ் பத்திரிகை ஒன்று 1886-இல் அட்டையில் அதை இடவலம் மாற்றி அச்சிட்டது, வான்கோ அதைப் பார்த்தே 1887-இல் வரைந்தார், அதனால் அவர் படமும் திரும்பியே இருக்கிறது.

ஒரு படம் வாங்க ஆசை, என்ன பார்க்க வேண்டும்?

அசல் வேண்டாம், முதலில் கையால் அச்சிட்ட மறுபதிப்பு வாங்குங்கள். தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், சாயம் ஊடுருவி 'பாரென்' என்ற தேய்ப்பான் வட்டமாகப் போன தடம் தெரிந்தால் கை அச்சு, புள்ளி புள்ளியாக இருந்தால் இயந்திரம். எந்தப் பிரதியைப் பார்த்து மறுபதிப்பு செய்தார்கள் என்றும் கேளுங்கள், வெளுத்த பிரதியைப் பார்த்துச் செய்ததில் வெளுத்த நிறமே வரும். அப்புறம் மாட்டும் இடம். என்னுடையதை முதல் இரண்டு வருடம் ஜன்னலுக்கு நேரே மாட்டியிருந்தேன். சட்டத்தைக் கழற்றியபோது அட்டைக்கு அடியில் மறைந்திருந்த ஓரத்தில் மட்டும் கட்டங்கள் இன்னும் பழைய சிவப்பில் இருந்தன.